எழுத்தில் இரண்டு, நாவில் ஒன்று: பிரெஞ்சு வினைச்சொற்களின் ஓசை வரலாறு

நூற்றாண்டு காணும் எமது கல்லூரியின் பிள்ளைகள் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி பாரிஸ், லியோன், ஜெனீவா, மொன்றியல் என்று பிரெஞ்சு பேசும் நகரங்களிலும் வேரூன்றி வாழ்கிறோம். ஆங்கிலத்தை எமது ஆசிரியைகள் எமக்கு ஊட்டி அனுப்பினார்கள். பிரெஞ்சு மொழியை அப்படி எவரும் ஊட்டவில்லை. 1782இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் திருகோணமலையைக் கைப்பற்றியது வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியாக வந்து போனதோடு சரி. ஆகையால் எம்மில் பலர் முப்பது வயதிலும் நாற்பது வயதிலும் அரிவரியிலிருந்து அந்த மொழியைத் தொடங்க வேண்டியதாயிற்று. தொடங்கிய எல்லோரும் முட்டிக்கொண்ட இடம் ஒன்றுதான்: வினைச்சொல். புத்தகத்தில் ஐந்து விதமாக எழுதியிருக்கும் சொல்லை வாய் மூன்று விதமாகத்தான் சொல்கிறது. ஏன் இப்படி என்று கேட்டால், அதுதான் விதி என்று வகுப்பில் பதில் வரும். அந்த விதிக்குப் பின்னால் ஆயிரத்து இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் விதி பாதி தானாகவே மனதில் நின்றுவிடும் என்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

ஒரு குறிப்பு. பிரெஞ்சு ஓசைகளைத் தமிழெழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. மூக்கால் ஒலிக்கும் உயிரை இங்கு அடைப்புக்குள் (ன்) இட்டுக் காட்டியுள்ளோம். அந்த னகரத்தை நாக்கு தொடக்கூடாது. மூச்சு மட்டும் மூக்கு வழியே போகவேண்டும்.

அசை பிரித்தல்

அசை பிரிப்பது எமக்குப் புதிதல்ல. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று கரும்பலகையில் வெண்பாவை அலகிட்டவர்கள் நாங்கள். ஆனால் தமிழ் யாப்பின் அசையும் பிரெஞ்சு அசையும் ஒன்றல்ல. குறிலிணையைச் சேர்த்து நிரை என்று ஒரே அசையாக நாம் கொள்வோம். பிரெஞ்சில் ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றும் ஓர் அசை. 'மலர்' எமக்கு ஒரு நிரையசை. பிரெஞ்சுக் காதுக்கு 'ம-லர்' என்று இரண்டு.

பிரெஞ்சில் அசை பிரிப்பு இரு வகை. ஒன்று எழுத்துக்கானது. வரி முடிவில் சொல்லை உடைத்து எழுதவும், பழைய முறைச் செய்யுளில் அடியை எண்ணவும் அது வேண்டும். இரண்டு உயிர்களுக்கிடையே ஒரு மெய் வந்தால் அது பின்னுள்ள உயிரோடு போகும். இரண்டு மெய் வந்தால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பிரியும். இரண்டாவது மெய் லகரமோ ரகரமோ ஆனால் பெரும்பாலும் பிரியாமல் ஒன்றாகவே போகும். ஒலிக்காத 'ஈ' எழுத்தும் இங்கு ஓர் அசையாகக் கணக்கில் சேரும். மற்றது காதுக்கான பிரிப்பு. அதில் ஒலிப்பது மட்டுமே கணக்கு.

எல்லோரும் முதலில் கற்ற வாக்கியத்தையே எடுப்போம்: 'ஜ மாபெல்', அதாவது என் பெயர் இன்னது. 'மாபெல்' என்பதை எழுத்தின்படி பிரித்தால் 'மாப்-பெல்-ல' என மூன்று அசை. காதின்படி 'மா-பெல்' என இரண்டே அசை. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதற்குரிய வினையை எழுத்துக்கூட்டி வாசித்தால் 'பார்-லென்ற்' என்று வரும். பிரெஞ்சுக்காரர் சொல்வது 'பார்ல்' என்ற ஓரசை. ஈற்றில் 'ஈ-என்-ரீ' என்று மூன்று எழுத்துகள் நின்றும் ஓசை இல்லை.

இதைக் கண்டு சிரிக்க எமக்கு உரிமை குறைவு. 'போகின்றார்கள்' என்று எழுதி 'போயினம்' என்று பேசுகிறவர்கள் நாங்கள். ஏழு எழுத்துச் சொல் நான்காகச் சுருங்கியது எமது காதுக்கு உறுத்துவதில்லை. பிறந்தது முதல் கேட்டதனால் வந்த பழக்கம் அது.

இலத்தீன் ஈறுகள் தேய்ந்த கதை

பிரெஞ்சின் தாய் இலத்தீன். 'போர்த்தாரே' என்றால் சுமத்தல். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் இலத்தீனில் அது போர்த்தோ, போர்த்தாஸ், போர்த்தாத், போர்த்தாமுஸ், போர்த்தாதிஸ், போர்த்தாந்த் என்று நடந்தது. ஆறும் ஆறு ஓசை. ஈற்றைக் கேட்டாலே எழுவாய் யார் என்று தெரியும். 'வந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே இருப்பது போல, இலத்தீனிலும் பெயரைத் தனியாகச் சொல்லவேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

இன்று அந்த ஆறும் போர்த், போர்த், போர்த், போர்-தோ(ன்), போர்-தே, போர்த் என்று ஒலிக்கின்றன. நான்கு ஒரே ஓசை. 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டுக்கு மட்டும் ஈறு கேட்கிறது. காரணம் இலத்தீனின் அழுத்தம். போர்த்தோ, போர்த்தாஸ், போர்த்தாத், போர்த்தாந்த் என்ற நான்கிலும் அழுத்தம் முதலசையில் விழுந்தது. போர்த்தாமுஸ், போர்த்தாதிஸ் என்ற இரண்டில் அது நடுவிலிருந்த 'தா'வில் விழுந்தது. அழுத்தம் விழுந்த அசை பிழைத்தது; அதற்குப் பின்னால் நின்றவை நூற்றாண்டு நூற்றாண்டாகத் தேய்ந்தன.

தேய்வு படிப்படியாக நடந்தது. அழுத்தமில்லாத ஈற்று அகரம் முதலில் ஒரு மெல்லிய முனகலாகக் குறுகியது. 'அவன் சுமக்கிறான்' என்பதன் ஈற்றுத் தகரம் 12ஆம் நூற்றாண்டளவில் மறைந்தது. ஈற்றுச் சகரம் அதன்பின் மெல்ல மெல்லப் போனது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் பாரிஸ் வாயில் அந்த முனகலும் அடங்கிற்று. எஞ்சியது 'போர்த்'. ஈறுகள் போனபின் யார் செய்தது என்று தெரிவிக்க வேறு வழி வேண்டியிருந்தது. அதனால்தான் 'ஜ', 'தூ', 'இல்' என்ற பெயர்கள் வினைக்கு முன்னால் நிரந்தரமாக நிற்கத் தொடங்கின. பிரெஞ்சில் 'நான்' என்பதை விட்டுவிட்டுப் பேச இயலாமற் போனதற்கு இந்தத் தேய்வு ஒரு பெரிய காரணம்.

அந்த முனகல் உயிரை எமது குற்றியலுகரத்தோடு ஒப்பிடலாம். 'நாடு' என்பதன் ஈற்று உகரம் தன் மாத்திரையிற் குறுகி ஒலிக்கிறது. 'இல்லை' வந்தால் 'நாடில்லை' என்று முற்றாக விலகிவிடுகிறது. பிரெஞ்சு முனகலும் பின்னால் உயிர் வந்தால் விலகும். தென் பிரான்சில் மார்செய், துலூஸ் பக்கம் இன்றும் அது முழுதாகச் சாகவில்லை. அங்குள்ள எமது தோழிகள் 'பார்ல்' என்பதைப் 'பார்-ல' என்று கேட்டிருப்பார்கள். பாட்டிலும் அதற்கு ஒரு சுரம் கிடைப்பதுண்டு.

ஊமை எழுத்து காத்த மெய்

'ஈ-என்-ரீ' ஒலிப்பதில்லை என்றால் அதை ஏன் எழுதவேண்டும் என்று கேட்காத மாணவி இல்லை. அது ஒலிக்காவிட்டாலும் ஒரு வேலை செய்திருக்கிறது. பின்வரும் இணைகளைப் பாருங்கள். அவன் தூங்குகிறான்: 'தோர்'. அவர்கள் தூங்குகிறார்கள்: 'தோர்ம்'. அவன் முடிக்கிறான்: 'ஃபினி'. அவர்கள் முடிக்கிறார்கள்: 'ஃபினிஸ்'. அவன் குடிக்கிறான்: 'ப்வா'. அவர்கள்: 'ப்வாவ்'. அவன் எடுக்கிறான்: 'ப்ரா(ன்)'. அவர்கள்: 'ப்ரென்'.

ஒருமையில் மெய் ஈற்றிலோ ஈற்றுத் தகரத்தை ஒட்டியோ நின்றதால் அது உதிர்ந்தது. பன்மையில் அதற்குப் பின்னால் ஓர் அசை ஒலித்துக்கொண்டிருந்தது. ஈற்று மெய்கள் உதிர்ந்த காலத்தில் பன்மையின் மெய் சொல்லின் நடுவில் பாதுகாப்பாக இருந்தது. பிறகு அந்தக் காவல் அசையும் அடங்கியது. காக்கப்பட்ட மெய் மட்டும் நிலைத்தது. ஆகவே 'ஈ-என்-ரீ'யைக் கண்டால் அதை வாசிக்க வேண்டாம். அதற்கு முன்னுள்ள மெய்யை அழுத்திச் சொல்லுங்கள். மொழியைக் கற்பிக்கும்போது இந்த ஒரு வரியைச் சொன்னால் பல பக்கப் பட்டியல் மிச்சமாகும்.

வேரிலுள்ள உயிர் மாறுவதும் இதே அழுத்தத்தின் கதைதான். சாவு என்னும் வினையில் 'அவன்' என்றால் 'மேர்', 'நாம்' என்றால் 'மூ-ரோ(ன்)'. இயலுதல் என்பதில் 'நான்' என்றால் 'பெ', 'நாம்' என்றால் 'பூ-வோ(ன்)'. அழுத்தம் விழுந்த வேரின் உயிர் நீண்டு பிளந்து வேறோர் உயிரானது. அழுத்தம் விழாத வேர் வேறு வழியிற் போனது. பழைய பிரெஞ்சில் இப்படி இரட்டை வேர் கொண்ட வினைகள் இன்னும் பல இருந்தன. அன்பு செய்தல் என்ற வினையும் 'நான்' என்பதற்கு 'ஐ' என்றும் 'நாம்' என்பதற்கு 'அ' என்றும் தொடங்கிற்று. பின்னர் மக்கள் வாய் அதைச் சமப்படுத்திவிட்டது. அடிக்கடி புழங்கும் வினைகளில் மட்டும் பழைய மாற்றம் தங்கிவிட்டது. ஒழுங்கற்ற வினைகள் என்று வகுப்பில் மிரட்டப்படுபவை பெரும்பாலும் இவைதான்.

எதிர்காலத்துக்கு வேறொரு வரலாறு. 842ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர் நகரில் இரு அரச சகோதரர்கள், ஒருவர் மற்றவரின் படையினர் பேசும் மொழியில், ஒரு சத்தியம் செய்தார்கள். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்று அதுவே. 'காப்பேன்' என்ற பொருளில் 'சல்வராய்' என்ற சொல் அதில் வருகிறது. 'காக்க' என்பதோடு 'உடையேன்' என்ற துணைவினை ஒட்டிப் பிறந்த வடிவம் அது. இன்றைய எதிர்கால ஈறுகளும் அந்த 'உடையேன்' வினையின் வடிவங்களே. அதனால்தான் எதிர்காலத்தில் ஈற்றுயிர் எப்போதும் தெளிவாகக் கேட்கிறது.

பெண்களுக்காக எழுந்த பாடநூல்கள்

பிரெஞ்சு வினையைப் பிறமொழியாருக்குக் கற்பிக்க எழுந்த பழைய நூல்களின் பின்னணியில் பெண்கள் இருப்பதைக் காண எமக்குப் பெருமையாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வால்ற்றர் என்ற பிபெஸ்வேர்த் ஊர்ப் பிரபு, தியோனிசி என்ற சீமாட்டிக்காக ஒரு செய்யுள் நூல் எழுதினார். அவர் தன் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க வேண்டும் என்பதே நோக்கம். தான் முழுதாய் அறியாத மொழியைப் பிள்ளைக்காகப் படிக்கும் தாயின் நிலை எண்ணூறு ஆண்டாக மாறவில்லை போலும்.

1530இல் ஜோன் போல்ஸ்கிரேவ் பிரெஞ்சு மொழிக்கு ஒரு பேரிலக்கணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார். எட்டாம் ஹென்றியின் தங்கை மேரி பிரான்சின் மன்னரை மணக்கச் சென்றபோது அவருக்கு மொழி கற்பித்தவர் இவர். நூலின் தொடக்கமே உச்சரிப்புப் பற்றியது. பிற்பகுதியில் வினைகளின் பெரும் பட்டியல் உண்டு. அதையடுத்த சில ஆண்டுகளில் ஜைல்ஸ் டியூவெஸ் என்பவர் ஹென்றியின் மகள் மேரிக்காக இன்னொரு நூல் எழுதினார். வாசித்தல், உச்சரித்தல், பேசுதல் மூன்றையும் அதன் தலைப்பே சேர்த்துச் சொல்கிறது. பிரெஞ்சுக்காரர் தம் மொழிக்குத் தம் மொழியிலேயே இலக்கணம் எழுத 1550 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறவிக் காது உள்ளவருக்கு விதி தேவைப்படவில்லை. கற்கவந்தவருக்கே அது தேவைப்பட்டது.

எழுத்தா, ஓசையா?

அந்த 1550ஆம் ஆண்டு இலக்கணத்தை எழுதிய லூயி மெக்ரே ஒரு புரட்சியையும் முன்வைத்தார்: வாய் சொல்வதை மட்டுமே எழுதவேண்டும். தன் நூலையே அப்படி அச்சிட்டார். அதே காலத்தில் ஜாக் பெல்த்தியேயும், 1562இல் பியேர் ராமுஸ் என்ற பேரறிஞரும் தத்தம் எழுத்துமுறைகளைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் நிலைக்கவில்லை. ஒருவர் முறை மற்றவர் முறையோடு ஒத்துப்போகவில்லை. அச்சகத்தாரும் கற்றோரும் பழக்கத்தை விடவில்லை.

1635இல் ரிஷ்லியே நிறுவிய பிரெஞ்சு அக்கடெமி பழைய எழுத்தின் பக்கமே நின்றது. அதன் அகராதிப் பணிக்காக 1673இல் குறிப்பு எழுதிய மெஸ்ரே என்பவர், கற்றோரை அறிவில்லாதோரிடமிருந்தும் எளிய பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிற எழுத்துமுறையே வேண்டும் என்று ஒளிவின்றிச் சொன்னார். ஊமை எழுத்துகள் இலத்தீன் படித்தவருக்குப் பழகிய முகங்கள். இலத்தீன் மறுக்கப்பட்ட பெண்களுக்கு அவை வெறும் தடைகள். இதற்குச் சற்று முன், 1661இல் சோமேஸ் வெளியிட்ட ஓர் அகராதி, பாரிஸ் சீமாட்டிகள் சிலர் கூடியிருந்து தேவையற்ற எழுத்துகளை நீக்கி எழுத முடிவுசெய்ததைக் கூறி, அவர்கள் திருத்திய சொற்களையும் தருகிறது. ஆண்களைப் போலப் பெண்களும் தயக்கமின்றி எழுதவேண்டும் என்பதே அவர்களின் நியாயம். அவர்களை நையாண்டி செய்தவர்கள் பலர். ஆயினும் 1740இல் அக்கடெமியின் மூன்றாம் பதிப்பு ஒலிக்காத சகரங்களை நீக்கி உயிரின் மேல் கூரைக்குறி இட்டபோது, அச்சீமாட்டிகள் கேட்டவற்றிற் பல நிறைவேறின. 'இருத்தல்' என்னும் வினையின் நடுவில் நின்ற ஊமைச் சகரம் கூரைக்குறியானதும் இவ்வகையிலேயே. அந்த அக்கடெமிக்குள் முதற்பெண்ணாக மார்கெரித் யூர்ஸனார் தெரிவானது 1980இல்.

வினை ஈறுகளில் பெரிய திருத்தம் 1835இல் வந்தது. 'சுமந்துகொண்டிருந்தேன்' என்ற இறந்தகால ஈறு அதுவரை 'ஓ-ஐ' என்ற எழுத்துகளோடு எழுதப்பட்டது. வாய் எப்போதோ அதை 'எ' என்று ஒலிக்கத் தொடங்கிவிட்டது. வோல்தேர் நெடுநாள் வற்புறுத்திய 'ஏ-ஐ' எழுத்தை அக்கடெமியின் ஆறாம் பதிப்பு ஏற்றது. 'பிரெஞ்சு' என்ற மொழிப்பெயரின் எழுத்தும் அப்போதே மாறியது.

சில இடங்களில் எழுத்து ஓசையைத் திருத்தியதும் உண்டு. 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பேச்சில் 'பார்லே', 'ஃபினீர்' என்ற இரு வகை வினைப்பெயர்களிலும் ஈற்று ரகரம் ஒலிக்காமற் போயிருந்தது. இலக்கண ஆசிரியர்களின் விடாமுயற்சியால் 'ஃபினீர்' தன் ரகரத்தைத் திரும்பப் பெற்றது. 'பார்லே' பெறவில்லை. இன்று மாணவிகள் இரண்டையும் இரு விதிகளாக மனனம் செய்கிறார்கள்.

போர்-ரொயால் மடத்துக் கேள்வி

பாரிசுக்கு அருகே போர்-ரொயால் மடத்தில் சிறுமிகளுக்குக் கற்பித்தவர் ஜாக்லின் பஸ்கால். கணித மேதை பிளேஸ் பஸ்காலின் தங்கை. 1655இல் அவர் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்துகளின் பெயரைக் கற்பிக்காமல் ஓசையைக் கொண்டே வாசிப்புக் கற்பிக்கும் உமது முறையை விவரமாக எழுதும் என்பது அதன் சாரம். 1660இல் வெளியான போர்-ரொயால் இலக்கணத்தில் அந்த முறைக்கு ஓர் இயல் கிடைத்தது. 'பே', 'ஆ', 'எர்' என்று பெயர்களை ஒப்பித்தால் குழந்தைக்கு 'பார்' என்ற ஓசை எப்படிக் கிடைக்கும் என்பதே பிரச்சினை. 'க' என்ற எழுத்தின் பெயரும் ஓசையும் ஒன்றாகவே இருக்கும் தமிழில் படித்த எமக்கு இந்தத் தொல்லை ஆங்கில வகுப்பில்தான் அறிமுகமாயிற்று. அதுவரை பிரெஞ்சுக் குழந்தைகள் முதலில் வாசித்ததும் இலத்தீன். தாய்மொழியிலேயே வாசிப்பைத் தொடங்கும் முறையை லா சால் என்ற குருவானவர் தம் பாடசாலைகளில் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்த்தார்.

1842இல் பெஷெரெல் சகோதரர்கள் வினைகளுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார்கள். அந்தப் பெயர் இன்றும் பிரெஞ்சு வீட்டுப் புத்தக அலுமாரிகளில் உண்டு. எமது பிள்ளைகளின் பள்ளிப்பையிலும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியல்கள் கண்ணுக்கானவை. காதுக்கான கருவி அந்நூற்றாண்டின் முடிவில் வந்தது. 1886இல் போல் பஸ்ஸி என்ற மொழியாசிரியர் பாரிசில் தொடங்கிய ஆசிரியர் சங்கம், ஓர் ஓசைக்கு ஒரு குறி என்ற ஒலியெழுத்தை உருவாக்கியது. அகராதிகளில் சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் காணும் குறிகள் அவைதான். ரூஸ்லோ என்ற குருவானவர், உடற்றொழிலியலாளர் நாடித்துடிப்பையும் மூச்சையும் பதிந்த சுழல் உருளையைப் பேச்சுக்குப் பயன்படுத்தினார். உதடு, மூக்கு, குரல்வளை ஆகியவற்றின் அசைவைப் புகைபடிந்த தாளில் கோடுகளாகக் கண்டார். மருத்துவ பீடத்தில் நாம் படித்த அதே கருவி மொழிக்கு உதவியதை அறிந்தபோது, இரு துறைகளும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்று தோன்றியது.

ஓர் உயிரில் தொங்கும் காலம்

இவ்வளவும் ஏட்டு வரலாறு அல்ல. வைத்தியத் தொழிலில் உள்ள எமக்கு அது நாள்தோறும் கேட்கும் விடயம். மூன்று இடங்களை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, நிகழ்காலமும் இறந்தகாலமும். 'ஜ வோ-மி' என்றால் வாந்தி எடுக்கிறேன். 'ஜே வோ-மி' என்றால் வாந்தி எடுத்தேன். வினை இரண்டிலும் ஒரே ஓசை. வேறுபாடு முன்னுள்ள 'ஜ', 'ஜே' என்பதில் மட்டும். முதலாவதில் அந்த முனகல் உயிர். இரண்டாவதில் 'உடையேன்' என்ற பழைய துணைவினை. உடல் மெலிகிறது, மெலிந்தது என்பதும் அப்படியே. 'ஜ ஸென்ய்' இரத்தம் போகிறது. 'ஜே ஸென்-யே' இரத்தம் போனது. 'ஜா-ரெத்' நிறுத்துகிறேன், 'ஜே ஆ-ரெ-தே' நிறுத்திவிட்டேன். மாத்திரையை நிறுத்தப் போகிறாரா, நிறுத்தி ஒரு மாதமாயிற்றா என்பதில் சிகிச்சையே மாறும்.

இரண்டாவது, 'நீங்கள்' என்ற வடிவம். 'ப்ர-னே' எடுக்கிறீர்கள், 'ப்ர-ன்யே' எடுத்துக்கொண்டிருந்தீர்கள். நடுவில் ஒரு சின்ன யகரம். வைத்தியர் எந்த மருந்து எடுத்துவந்தீர்கள் என்று பழையதைக் கேட்க, நோயாளி இப்போதையதைச் சொல்லிவிட இடமுண்டு.

மூன்றாவது, பிரசவ அறை. 'பூ-ஸே' என்றால் முக்குங்கள். 'ஸூ-ஃப்லே' என்றால் ஊதுங்கள். இலத்தீனில் அழுத்தம் பெற்றுப் பிழைத்த அந்த 'நீங்கள்' ஈறே ஏவலிலும் வருவதால் இவை உரத்துத் தெளிவாகக் கேட்கும். இனி முக்கவேண்டாம் என்பது 'ந பூ-ஸே ப்லூ'. அவசரப் பேச்சில் முன்னுள்ள 'ந' விழுந்துவிடும். அப்போது 'பூ-ஸே ப்லூ' என்றால் முக்க வேண்டாம். 'பூ-ஸே ப்லூஸ்' என்றால் இன்னும் முக்குங்கள். ஈற்றுச் சகரம் ஒன்றே பொருளைத் தலைகீழாக்குகிறது.

எம்மவர் தாய்மார் பலர் வைத்தியசாலைக்குப் பத்து வயதுப் பிள்ளையைத் துணைக்கு அழைத்து வருவதைக் கண்டிருக்கிறோம். பிள்ளைக்கு மொழி தெரியும். ஆனால் அம்மாவின் உதிரப்போக்கைப் பற்றிச் சொல்ல அதன் வயது போதாது, சொல்ல அம்மாவுக்கும் மனம் வராது. அங்கே சொல்லப்படாமற் போகும் சேதிகள்தான் எமக்குப் பயம். தன் உடம்பைப் பற்றித் தானே சொல்ல ஒரு பெண்ணுக்கு வேண்டியது பெரிய இலக்கணமல்ல. இருபது வினைகள், அவற்றின் சரியான காலம். வதிவிட அனுமதிக்கும் குடியுரிமைக்கும் மொழித்தேர்வை இறுக்கிய 2024 ஜனவரிச் சட்டம் குடியுரிமைக்குப் 'பி2' தரத்தைக் கேட்கிறது. ஆகவே அந்தரங்கத்துக்கு மட்டுமன்றி அட்டைக்கும் இந்தப் பயிற்சி வேண்டியதாயிற்று.

பழகும் வழி

வினையை முதலில் காதால் கேளுங்கள். பிறகு எழுத்தைப் பாருங்கள். ஒலிக்கும் உயிர் எத்தனையோ அத்தனை தரம் கையைத் தட்டுங்கள்: 'போர்த்' ஒன்று, 'போர்-தே' இரண்டு, 'ரெஸ்-பி-ரே' மூன்று. ஆங்கிலத்தில் போலச் சொல்லின் நடுவில் அழுத்தாமல், எல்லா அசைக்கும் சம அளவு கொடுத்து, தொடரின் கடைசி அசையை மட்டும் சற்று நீட்டுங்கள்.

கடைசி மெய்க்குப் பின்னால் உயிர் வந்தால் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். மெய்யின் மேல் உயிர் ஏறுவது எமது புணர்ச்சியிலும் இயல்புதானே! 'இல் ஆ-ரிவ்' என்று விட்டுவிட்டுச் சொல்லாமல் 'இ-லா-ரிவ்' என்று சொல்லுங்கள். 'அவனிடம் உண்டா' என்பதற்கு 'ஆ-தில்' என்று நடுவில் ஒரு தகரம் வருவதும் எமது உடம்படுமெய் போன்றதே. பல வினைகளில் ஈற்றில் நின்ற பழைய தகரத்தைப் பார்த்து, அது இல்லாத வினைகளுக்கும் மக்கள் நாக்கு சேர்த்துக்கொண்டது.

ஈற்றசை மெய்யில் முடிந்தால் அதன் 'எ' அகலத் திறக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். வாங்குதல் 'ஆஷ்-தே', வாங்குகிறேன் 'ஜா-ஷெத்'. அழைத்தல் 'ஆ-ப்லே', அழைக்கிறேன் 'ஜா-பெல்'. அந்தத் திறப்பைக் காட்ட ஒன்றில் உயிரின் மேல் சாய்கோடு, மற்றதில் இரட்டை லகரம். 1990ஆம் ஆண்டுத் திருத்தம், அழைத்தல், எறிதல் ஆகிய இரண்டு வினைகளையும் அவற்றின் குடும்பத்தையும் தவிர, இவ்வகையின் மற்றவற்றுக்குச் சாய்கோட்டையே பரிந்துரைத்தது.

அசையை எண்ணி, சீரைப் பிரித்து, ஓசையைக் காதால் அளக்கும் பயிற்சியை எமது கல்லூரி எமக்குத் தமிழ்ப் பாடத்தில் தந்தது. அந்தக் காது எந்த நாட்டுக்கும் எம்மோடு வரும். பிரான்சிலும் சுவிசிலும் கியூபெக்கிலும் உள்ள கிளைச் சங்கங்கள் மாதம் ஒரு மணித்தியாலம், புதிதாய் வந்த தங்கைமாருக்கும் வயதான தாய்மாருக்கும் இந்த இருபது வினைகளை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க முன்வந்தால் அது நூற்றாண்டுக்கு ஏற்ற கைங்கரியமாக இருக்கும். கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டுகள் புகழோடு விளங்க வாழ்த்துகிறோம்.